கருவாயன் பார்த்த திசை

சந்தனமாரியின் வேலையில் பாதி மலையேறுவது. மீதிப் பாதி ஒளிந்துகொள்வது.

அவள் தூக்கிச் செல்லும் கேமரா, எதிரில் இருப்பதை மட்டும் பார்க்கும் பழைய கேமரா அல்ல. பலாப்பழம் போல ஓர் உருண்டை. முள் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் ஒரு கண். நாலைந்து கம்பங்களை நட்டு, ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் உருண்டையை ஏற்றிவிட்டால் போதும். அவை எல்லாப் பக்கமும் பார்க்கும். கண்ணுக்குத் தெரியாத ஒளியை வீசி, அது எதன்மேல் பட்டு எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது என்று கணக்கிட்டு, புல் எங்கே முளைத்திருக்கிறது, பனித்துளி அதில் எந்த உயரத்தில் தொங்குகிறது என்பது வரை அளந்துவிடும். பிறகு எங்கோ ஒரு நகரத்தில் யாரோ ஒருவர் தன் வீட்டுக் கூடத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த மலையில் நடக்கலாம். மரத்தைச் சுற்றிப் போனால் மரத்தின் முதுகு தெரியும். குனிந்தால் எறும்பு தெரியும்.

எல்லாப் பக்கமும் பார்க்கிற கண்ணுக்கு முன்னால் படமெடுப்பவள் எங்கே நிற்பது? மரத்துக்குப் பின்னால்தான். தப்பித் தவறி ஒரு முந்தானை தெரிந்துவிட்டாலும் பரவாயில்லை, பின்னால் ஒரு கணினி உட்கார்ந்து அதை அழித்து, அங்கே புல்லை வரைந்துவிடும். பார்க்க வருகிறவர்களுக்கு வேண்டியது ஆள் படாத மலை. அதனால் மனிதர்களையும் மனிதர்கள் செய்தவற்றையும் நீக்கிவிடுவது என்பது ‘அகல்விழி’ நிறுவனத்தில் எழுதிவைக்காத விதி. மிருகங்களை மட்டும் விட்டுவைப்பார்கள். ஜனங்களுக்கு மிருகங்களைப் பிடிக்கும்.

ஈச்சங்கொம்பை என்கிற மலைக்கிராமத்தை அவள் அப்படித்தான் படமெடுத்தாள். ஆறேழு வருஷம் ஆகிறது. ஏலக்காயும் காப்பியும் போட்டிருந்த சரிவு, நடுவில் சின்ன மைதானம் போல ஒரு முற்றம், அதைச் சுற்றிக் கொஞ்சம் தகர வீடுகள். விடிந்தும் விடியாமலும் மேகம் முற்றத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டு, யாரோ கூப்பிட்டதுபோல எழுந்து போகும். ஒரு பலா மரத்தின் பின்னால் குந்தியிருந்தபடி சந்தனமாரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த உலகத்துக்குக் ‘கன்னிமலை’ என்று பேர் வைத்தார்கள். உலகம் முழுவதும் நன்றாக ஓடியது. அதன்பின் அவள் வேறு மலைகளுக்குப் போய்விட்டாள்.

ஒருநாள் மேலாளர் கௌதமன் கூப்பிட்டார்.

"மாரி, மலையடிவாரத்துல ஒரு வழக்கு. நிலத் தீர்வு மன்றம். நம்ம கன்னிமலையப் பாக்கணும்ங்கிறாங்க. நீ போய் நீதிபதிக்குக் கண்ணாடிய மாட்டிவிடு. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு வந்துடு."

"என்ன வழக்கு சார்?"

"அந்த மலையில ஒரு விடுதிக் கம்பெனி குத்தகைக்கு இடம் எடுத்திருக்கு. அங்க இருக்குறவங்க, நாங்க தலைமுறையா இருக்கோம், எழுந்திருக்க மாட்டோம்ங்கிறாங்க. புதுச் சட்டம் வர்றதுக்கு முன்னாடியே குடியிருந்தா நிலம் அவங்களுக்கு. சட்டம் வந்தப்புறம் வந்து உட்கார்ந்திருந்தா இல்ல."

"அதுக்கு நம்ம படம் எதுக்கு?"

கௌதமன் சன்னலுக்கு வெளியே பார்த்தார். "சட்டத்துக்கு முன்னாடி அந்த மலையை விரல்கடை விடாம அளந்தது நம்ம படம் மட்டும்தான். அதுல ஒரு வீடும் இல்ல. ஒரு ஆளும் இல்ல."

"சார், அங்க ஆளு இருந்தாங்க. நாமதான எடுத்துட்டோம். அழிக்கிறதுக்கு முந்தின படம் இருக்கும்லா?"

"இல்ல. சட்டப்படி அழிச்சாச்சு. அடுத்தவங்க முகம் தெரியுற படத்த அவங்க சம்மதம் இல்லாம வெச்சிருக்கக் கூடாது." பிறகு, "அவங்களோட அந்தரங்கத்தைக் காப்பாத்துறதுக்குத்தான்" என்றார். கிண்டலாகச் சொன்னதுபோல் தெரியவில்லை. களைப்பாகத்தான் சொன்னார்.

அன்று சாயங்காலம் அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கன்னிமலைக்குள் போனாள். தான் எடுத்த உலகத்துக்குள் அவள் அநேகமாகப் போவதில்லை; சமைத்தவளுக்குச் சாப்பாடு இறங்காது என்பது போல. இன்று போனாள்.

மேகம் எழுந்து போய்க்கொண்டிருந்தது. வீடுகள் இருந்த இடத்தில் பாசி பிடித்த பாறைகள். கணினிக்கு அந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று யூகிக்கச் சொன்னார்கள். அது பாறை என்று யூகித்திருந்தது. அழகான பாறைகள். ஒரு பாறையின் முகட்டில் சேவல் ஒன்று நின்றுகொண்டிருந்தது. அது கூரை. முற்றம் இருந்த இடத்தில் புல்வெளி. அதன் நடுவில் கறுத்த வாயும் பழுப்பு உடம்புமாக ஒரு நாய் உட்கார்ந்திருந்தது. அவள் அதன் அருகில் போனாள். நாய் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே, பாறைப் பக்கமாக ஏதோ ஓர் உயரத்தில் அதன் கண் நிலைகுத்தியிருந்தது. பிறகு அந்தக் கண் மெல்ல நகர்ந்தது. இடமிருந்து வலமாக, ஓர் ஆள் நடக்கிற வேகத்தில். வால் ஆடியது.

அவள் திரும்பிப் பார்த்தாள். அங்கே புல்மேல் வெயில் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

எங்கிருந்தோ கோழிகள் ஓடிவந்தன. ஒன்றும் இல்லாத ஓரிடத்தைச் சுற்றி அரைவட்டமாக நின்று, ஒன்றும் இல்லாத தரையைக் கொத்தின. சந்தனமாரி கண்ணாடியைக் கழற்றினாள்.

*

மன்றம் ஒரு பழைய திருமண மண்டபத்தில் நடந்தது. வெளி வராந்தாவில் ஈச்சங்கொம்பை ஜனம் சுவரோரமாக உட்கார்ந்திருந்தது. அவர்களில் நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண் எழுந்து அவளிடம் வந்தாள். ஒல்லியான உடம்பு. காதில் சிவப்புக்கல் தோடு.

"ஏத்தா, நீ பலா மரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்ன புள்ளதான? வரக்காப்பி கொண்டாந்து குடுத்தேன்ல. நாந்தான் ஒச்சம்மா."

"ஞாபகம் இருக்குக்கா."

"நெனச்சேன். அன்னிக்கு நீ என்னமோ தப்புப் பண்ண புள்ள கணக்கா குந்தியிருந்த. பாவமா இருந்துச்சு." ஒச்சம்மா அவள் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள். "இதுக்குள்ளதான் எங்க மலை இருக்காக்கும்?"

"ஆமாக்கா."

"எங்க வீடு எங்கிட்டு இருக்கு அதுல?"

"பாறையா இருக்குக்கா."

"வீட்ட எப்பிடித்தா பாறையாக்குனீக?"

"ஆளுங்க இல்லாத எடமா காட்டணும்னு வீடு, ஆளு எல்லாத்தையும் மிஷினு எடுத்துரும். எடுத்த எடத்துல ஓட்டை விழும்லாக்கா. அத அக்கம்பக்கத்துல என்ன இருக்குன்னு பாத்து அதுவாவே ரொப்பிக்கும்."

"அப்ப நான்?"

"நீங்க புல்லா இருக்கீக."

ஒச்சம்மா சிரித்துவிட்டாள். சிரித்து முடித்ததும் முகம் மாறியது. "எங்கப்பன் ஏலக்கா மூட்டை சொமந்து ஏறி இறங்குன மலை. ரேஷன் அட்டையில அடிவாரத்து ஊரப் போட்டுக் குடுத்தாக, மேல ஏறிவந்து கதவு நம்பர் போட ஒருத்தருக்கும் கால் இல்ல. இப்ப நாங்க நேத்து வந்து குடிசை போட்டவகளாம்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "கருவாயனையும் எடுத்துட்டீகளா?"

"யாருக்கா?"

"எங்க நாயி. நீ வந்துபோன மறுவருஷம் சிறுத்தை தூக்கிருச்சு."

"இல்லக்கா. அவன் இருக்கான்" என்றாள் சந்தனமாரி. "அவன் உங்களையே பாத்துக்கிட்டு இருக்கான்."

*

நீதிபதி ஹமீதா பானு நரைத்த தலையை முக்காட்டுக்குள் ஒதுக்கிக்கொண்டு கண்ணாடியை மாட்டிக்கொண்டார். விடுதிக் கம்பெனியின் வழக்கறிஞர் ஸ்ரீவத்சனும், ஈச்சங்கொம்பைக்காக வந்திருந்த இலவசச் சட்ட உதவி வழக்கறிஞர் ஜெயபாலும் மாட்டிக்கொண்டார்கள். மண்டபத்து நாற்காலிகளை ஓரமாக ஒதுக்கியிருந்தார்கள். சந்தனமாரியும் மாட்டிக்கொண்டதும் சுவர்கள் போயின. மேகம் வந்தது.

நீதிபதி கையை நீட்டிப் பனியைத் தொடப் பார்த்து, தன்னையே கடிந்துகொண்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார்.

"பாருங்கம்மா," என்றார் ஸ்ரீவத்சன். அவர் குரலிலும் ஒரு மரியாதை இருந்தது. "ஒரு கூரை இல்லை, ஒரு ஒத்தையடிப் பாதை இல்லை. அதோ காட்டுக்கோழி. இந்த நாய் காட்டில் திரிகிற கலப்பு நாய். இது படைத்தவன் கையிலிருந்து வந்தபடியே இருக்கிற மலை."

"படத்தில் எதையும் மாற்றவில்லையா?" என்று நீதிபதி சந்தனமாரியைக் கேட்டார்.

கௌதமன் மண்டபத்தின் கோடியில் உட்கார்ந்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். மலைக்குள் இருந்ததால் அவரைப் பார்க்க முடியவில்லை. அது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று.

"மாத்தியிருக்கோம்மா. மனுஷங்களையும், மனுஷங்க கட்டுனதையும் எடுத்திருக்கோம்."

"சுற்றுலா வந்தவர்களை" என்றார் ஸ்ரீவத்சன் உடனே. "அவர்கள் அடித்த கூடாரங்களை. எடுத்தது எல்லோருக்கும் தெரிந்ததுதானே? ஆனால் எடுக்கப்பட்டவர்கள் இந்த மனுதாரர்கள்தான் என்பதற்கு என்ன ஆதாரம்? மூலப்படம் இல்லை. இல்லாத ஒன்றுக்கு யார் வேண்டுமானாலும் சொந்தம் கொண்டாடலாம்."

ஸ்ரீவத்சன் சொன்னதில் ஜெயபாலுக்கும் தவறு தெரியவில்லை.

"அம்மா," என்றாள் சந்தனமாரி. "அந்த நாயக் கொஞ்ச நேரம் பாருங்களேன்."

நீதிபதி பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நாயின் கண் நகர்ந்தபோது அவர் தலையும் கூடவே நகர்ந்தது.

"அது யாரையோ பார்க்கிறது" என்றார் மெதுவாக.

"ஆமாம்மா. ஆள எடுத்துட்டோம். பாக்குறத எடுக்கல. கோழி ஓடிவர்றதை எடுக்கல. குரலை எடுத்தோம், குரல் இருந்த எடத்துல இருக்குற மௌனத்தை எடுக்கல. அந்த ஓட்டை அப்பிடியே இருக்கு. அதுக்குள்ள யார் பொருந்துதாங்கன்னு பாக்கலாம்."

"எப்படி?"

"இந்தக் கண்ணாடியில வெளிப்பக்கமும் கேமரா இருக்கும்மா. மண்டபத்துல நிக்குற ஒருத்தர மட்டும் உள்ள விடுன்னா விடும். ஒச்சம்மா அக்காவுக்குக் கண்ணாடி வேண்டாம். அவங்களுக்கு ஒண்ணும் தெரியப்படாது. மலையோட சத்தத்தை மட்டும் போடுதேன். அவங்க காலையில என்ன செய்வாங்களோ அத இங்க செய்யட்டும். நீங்க மலைக்குள்ள இருந்து பாருங்க."

ஸ்ரீவத்சன் ஆட்சேபித்தார். நீதிபதி அவர் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "அவர்கள் தோற்றால் உங்களுக்குத்தானே நல்லது" என்றார்.

ஒச்சம்மாவை மண்டபத்தின் நடுவே நிறுத்தினாள் சந்தனமாரி. "இதான் உங்க வாசப்படிக்கா. எதிர்த்தாப்ல முத்தம். மத்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும்."

கண்ணாடிக்குள்ளே, பாசி பிடித்த பாறையின் முன்னால் ஒச்சம்மா தோன்றினாள். கன்னிமலையில் முதல் முறையாக ஒரு மனுஷி.

முதலில் ஒன்றும் பொருந்தவில்லை. அவள் குனிந்து கூட்டத் தொடங்கினாள். நாய் வேறெங்கோ பார்த்தது. அவள் கோழிகளை மூடிவைக்கும் பஞ்சாரக் கூடையைத் தூக்குவதற்கு முன்பே கோழிகள் ஓடின. ஸ்ரீவத்சன் மெல்லச் செருமினார். வெட்கமும் பயமுமாக ஒச்சம்மா அப்படியே நின்றுவிட்டாள். மண்டபத்தின் ஒலிபெருக்கிகளில் ஓடைச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அவள் தலையைச் சாய்த்து அதைக் கேட்டாள்.

"ஓடை இரையுது" என்றாள். "ராத்திரி மழை பெஞ்சிருக்கு. மழை பெஞ்சா நான் ஏன் முத்தங் கூட்டப்போறேன்? சகதியில்ல இருக்கும். நேரா கோழியத்தான் தொறந்துவிட்டிருப்பேன். இன்னொருக்காப் போடு தாயி."

சந்தனமாரி விடியலைத் திரும்பவும் முதலிலிருந்து ஓடவிட்டாள்.

இந்த முறை ஒச்சம்மா கண்ணை மூடிக்கொண்டாள். சேவல் கூவியது. கொட்டாவி விட்டபடி கூந்தலை முடிந்தாள். இடப்பக்கமாக நடந்தாள், நாயின் கண் அவள்மேல் வந்து நின்று, அவளோடு நடந்தது. அவள் குனிந்து இல்லாத பஞ்சாரத்தைத் தூக்கினாள். அவள் காலுக்கடியிலிருந்து கோழிகள் பிய்த்துக்கொண்டு வந்தன. முந்தானையிலிருந்து அள்ளி வீசினாள். கை விசிறிய பக்கமெல்லாம் கோழிகள் விசிறிக்கொண்டு ஓடின. ஒரு குஞ்சு பின்தங்கியது. "வா வா, உனக்கில்லாமயா" என்று தனியாக அதற்கு ஒரு சிட்டிகை போட்டாள். குஞ்சு வந்து கொத்தியது. அந்த மலையின் காற்றொலியில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. அவள் சொன்னது அதற்குள் வந்து அமர்ந்தது, அதற்கென்றே அளவெடுத்தது போல.

"கருவாயா!" என்றாள்.

நாய் எழுந்து, உடம்பெல்லாம் குலுங்க அவளிடம் ஓடியது. கண்ணை மூடியிருந்த ஒச்சம்மாவுக்கு அது தெரியவில்லை. ஆனால் அவள் கை தானாகத் தாழ்ந்து, சரியாக அதன் தலை இருந்த உயரத்தில், காற்றைத் தடவிக்கொடுத்தது. நாய் கண் சொக்கி நின்றது.

ஸ்ரீவத்சன்தான் கடைசியில் பேசினார். அவர் தன் வேலையைச் செய்ய வேண்டியவர்.

"ஒரு சந்தேகம்மா. இந்த நாய் அடிக்கடி அந்தப் பலா மரத்தையும் பார்த்து வாலாட்டுகிறது. அங்கே யாரும் இருந்ததாக மனுதாரர்கள் சொல்லவில்லை. ஆக, அது ஒன்றும் இல்லாத இடத்தைப் பார்த்தும் வாலாட்டுகிற நாய்தான்."

உண்மைதான். நாய் பலா மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சந்தனமாரி தன்னையும் உள்ளே விடும்படி கண்ணாடிக்குக் கட்டளை கொடுத்தாள். மரத்துக்குப் பின்னால் போய்க் குந்தினாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் நீட்டி, அன்று நீட்டியது போலவே. நாயின் பார்வை நேராக அவள் முகத்தில் வந்து விழுந்தது. இத்தனை வருஷத்தில் அவள் எடுத்த எந்த உலகத்திலும் எதுவும் அவளைப் பார்த்ததில்லை.

ஒச்சம்மா அடுப்படிப் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தாள். இரண்டு கையாலும் எதையோ பிடித்திருந்தாள், சுடுகிற தம்ளரைப் பிடிப்பது போல. கண்ணைத் திறக்காமலே முற்றத்தைக் குறுக்காகக் கடந்து, வழியில் ஓரிடத்தில் ஏதோ வேரைத் தாண்டுவதுபோல் காலைத் தூக்கிவைத்து — அங்கே புல்லுக்குள் ஒரு வேர் இருந்தது — மரத்தடிக்கு வந்தாள். கருவாயன் அவள் பின்னாலேயே வந்தான்.

"குடி தாயி. குளிருக்கு எதமா இருக்கும்."

சந்தனமாரி கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். இரண்டு பேர் கையிலும் ஒன்றும் இல்லை. நாய் அந்த ஒன்றுமில்லாததை மோந்து பார்த்தது.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்த அம்மா பார்க்கணும்னா பார்க்கட்டும்" என்றார்.

ஒச்சம்மாவுக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டாள் சந்தனமாரி. அவள் "ஆத்தாடி" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். பிறகு குந்தினாள். நாயின் முகத்துக்கு நேராக முகத்தைக் கொண்டுபோய் வெகுநேரம் அப்படியே இருந்தாள். கையை நீட்டினாள். கை நாய்க்குள் போய் வெளியே வந்தது. இன்னொரு முறை நீட்டவில்லை.

"கூப்புட்டா வர்றான்," என்றாள் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துக்கொண்டே. "தொட்டா இல்ல. தெனைக்கும் இதே காலையிலதான் கெடக்கானா, தாயி?"

"ஆமாக்கா."

"எம்புட்டு நாளா நான் வருவேன்னு பாத்துக்கிட்டு இருக்கான்."

*

கௌதமன் கோபப்படவில்லை. வாசலில் நின்று, "நீ சொன்னது சரிதான் மாரி. ஆனா அடுத்த மலைக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்" என்றார். அவள் தூத்துக்குடிக்குப் போய், கல்யாண வீடுகளில் படமெடுத்தாள். அங்கே ஒளிந்துகொள்ள வேண்டியதில்லை. பந்தியில் சாப்பிடக் கூப்பிட்டார்கள். இரண்டொருவர் பெயரைக்கூடக் கேட்டார்கள்.

மழைக்காலம் முடிந்து தீர்ப்பு வந்தது. ஈச்சங்கொம்பை, ஈச்சங்கொம்பைக்காரர்களுடையது. விடுதிக் கம்பெனி மேல்முறையீடு செய்யாமல் வேறு மலை பார்க்கப் போய்விட்டது. கன்னிமலையை இனி ஆதாரமாக யாரும் காட்டக் கூடாது. அகல்விழி அந்த உலகத்தை மூடிவிட்டு, வீடுகள் வீடுகளாகவே தெரியும்படி, ஊரார் சம்மதிக்கிற விதத்தில் புதிதாக எடுக்க வேண்டும் என்று நீதிபதி எழுதியிருந்தார். ஊரார் ஒரே ஒரு கம்பத்துக்குத்தான் சம்மதித்தார்கள். அதையும் நடுவதற்கு அந்தப் பலாமரத்துப் புள்ளதான் வர வேண்டும் என்றார்கள். கௌதமன் போன் செய்தார். சந்தனமாரி பஸ் ஏறினாள்.

கம்பத்தை முற்றத்தின் நடுவில் நட்டு, உருண்டையை ஏற்றினாள். ஜனம் சுற்றி நின்று பார்த்தது. வாலிபப் பையன்கள் தலைசீவிச் சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார்கள்.

"இந்தத் தடவ யாரையும் அழிக்க மாட்டேன்" என்றாள் அவள். "எல்லாரும் இருக்கிற மாதிரியே இருங்க. உலகம் பூராவும் உங்களப் பாக்கும்."

ஒச்சம்மாதான் தலையை ஆட்டினாள். "எனக்கு வேண்டாம் தாயி."

"ஏன்க்கா? இதுக்குத்தான மன்றம் வரைக்கும் வந்தீக?"

"மன்றத்துல நின்னது, இங்க இருக்கோம்னு சொல்லத்தான். சொல்லியாச்சு, எழுதியும் குடுத்துட்டாக. வீடு தெரியட்டும், அடுப்புப் புகை தெரியட்டும், கொடியில துணி காயுறது தெரியட்டும். ஆனா கருவாயன் கெடந்த மாதிரி ஒரே காலையில நான் கெடக்க மாட்டேன். நான் செத்ததுக்கப்புறமும் எவனோ வந்து என் மூஞ்சிக்கு நேரா மூஞ்சிய வெச்சு, தொட்டுப் பாத்துட்டு இல்லேன்னு போவான்." அவள் சுற்றிலும் பார்த்தாள். "உங்களுக்கு எப்பிடி?"

ஜனம் முணுமுணுத்தது. பையன்களுக்கு ஏமாற்றம்தான். ஆனால் கருவாயனை எல்லோருக்கும் தெரியும்.

"அழிக்க மாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேனேக்கா" என்றாள் சந்தனமாரி.

"அழிக்க வேண்டாம். இதுக்குத் தெரியாத எடம்னு ஒண்ணு இருக்கும்ல?"

சந்தனமாரி யோசித்தாள். கம்பம் நாலைந்தாக இருந்தால் ஒன்றுக்குத் தெரியாததை இன்னொன்று பார்த்துவிடும். ஆனால் இங்கே ஒன்றே ஒன்றுதான். "இருக்குக்கா" என்றாள். "அதோட காலடி. கம்பத்தச் சுத்திக் கீழ ஒரு வட்டம் மட்டும் அதுக்குத் தெரியாது."

அப்படித்தான் ஈச்சங்கொம்பை முழுவதும், கிழவர்களும் கைக்குழந்தைகளுமாக, கம்பத்தைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தது. யாரோ மரவள்ளிக்கிழங்கு அவித்த அண்டாவையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். கேமரா ஓடத் தொடங்கியது. தலைக்கு மேலே அத்தனை கண்களும், திறந்து கிடந்த வீடுகளையும் புகையையும் ஈரத்துணிகளையும் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு குழந்தை சிரித்தது; அதன் வாயைப் பொத்திய அம்மா தானும் சிரித்தாள்.

மேகம் வந்து அவர்கள் முதுகில் சாய்ந்துவிட்டு எழுந்து போனது. கொஞ்ச நேரத்தில் ஆடுகள் சரிவிலிருந்து தலைதூக்கிப் பார்த்தன. தங்கள் ஆட்கள் ஏன் இப்படி ஒரே இடத்தில் குவிந்திருக்கிறார்கள் என்று அவற்றுக்குப் புரியவில்லை. ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. கோழிகள் வந்தன. யாரோ வளர்க்கிற புது நாய்க்குட்டி ஒன்று தடுமாறித் தடுமாறி ஓடிவந்தது. எல்லாம் கம்பத்தை நோக்கி.

கிழங்கைப் பிட்டுக்கொண்டிருந்த சந்தனமாரிக்கு அப்போதுதான் அது தோன்றியது. பார்க்க வருகிறவர்கள் இந்த உலகத்துக்குள் நிற்கப்போவது கம்பம் நிற்கிற இடத்தில். தூர தேசத்தில், தனி அறையில், எழுந்து நடக்க முடியாத ஒருவர் கண்ணாடியை மாட்டுவார். ஆளில்லாத ஒரு மலையூர், கதவெல்லாம் திறந்து, அடுப்பெல்லாம் புகைந்து கிடக்கும். அந்த ஊரின் ஆடும் கோழியும் நாய்க்குட்டியும், இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்பதுபோல் அவரை நோக்கி ஓடிவரும். ஏனென்று அவருக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை.

ஒச்சம்மா அவள் காதோரம் குனிந்து, "என்ன தாயி, மலைச்சுப்போய் உக்காந்துட்ட?" என்று கிசுகிசுத்தாள்.

"ஒண்ணுமில்லக்கா" என்றாள் சந்தனமாரி. "கொஞ்சம் தள்ளி உக்காருங்க. நாய்க்குட்டி வருது."